சித்திரை வெயில்ல களைக்கொல்லி: இப்பவே அடிக்கலாமா, மழைக்கு நிக்கலாமா, இல்ல உழுது போட்டுரலாமா?

சித்திரை பொறந்துட்டா தரிசுல நிக்கிற கோரையையும் அருகையும் பார்த்தீனியத்தையும் பாத்து எல்லாருக்கும் ஒரே யோசனை தான் வரும், வேலை இல்லாத நேரம் தானே, இப்பவே மருந்தடிச்சு தீத்துக்கட்டிட்டா ஆடிப் பட்டத்துக்கு நிலம் சுத்தமா இருக்குமேன்னு. அதுல பாதிப்பேரு "நல்லா வெயில் அடிக்கறப்ப அடிச்சா தான் புல்லு கருகும்"னு உச்சி வேளைல டேங்க்க தோள்ல மாட்டுறாங்க, மீதிப்பேரு வெயிலுக்குப் பயந்து சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல தான் இறங்குறாங்க. சாயந்தரம் சில மருந்துக்கு சரி, சில மருந்துக்கு காசு தண்டம், உச்சி வேளை எதுக்குமே சரியில்ல. என்னோட கருத்து என்னன்னா தெர்மாமீட்டர்ல எத்தனை டிகிரின்னு பாத்து முடிவெடுக்கறத விட, களை வளர்ந்துட்டு இருக்கா இல்ல வாடி உசுரப் பிடிச்சுட்டு நிக்குதா, கையில இருக்குற மருந்து எந்த வகை, இந்த ரெண்டையும் பாத்து முடிவெடுத்தா தான் மருந்து கேக்கும்.

வெயில் ஏறுனா செடிக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிடுறேன், அப்ப தான் மத்தது புரியும். 25, 30 டிகிரி வரைக்கும் சூடு ஏற ஏற பெரும்பாலான மருந்துக்கு நல்லது தான், இலையோட மெழுகு கொஞ்சம் இளகும், மருந்து சீக்கிரம் உள்ள போகும், செடிக்குள்ள சத்து ஓட்டமும் வேகமா இருக்கும். 35ஐத் தாண்டி மண்ணுலயும் ஈரம் இல்லன்னா கதை தலைகீழ். இலைத்துளையெல்லாம் மூடிக்கும், மெழுகு தடிச்சுப் போகும், செடி புதுசா ஒண்ணும் விடாது, வேர்ப்பக்கம் சத்து இறங்குறதும் மந்தமாயிரும். துளியோட நிலைமை அதை விட மோசம். ஏப்ரல் கடைசில மதியம் ஒரு மணிக்கு பார்த்தீனிய இலை மேல விழுற துளிய குனிஞ்சு பாருங்க, கொஞ்ச நேரத்துலயே ஓரம் சுருங்கி நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டா காஞ்சு உக்காந்துரும். அந்தப் பொட்டு தான் நீங்க காசு குடுத்து வாங்குன மருந்து, கரைசலா இருந்தா தான் இலைக்குள்ள போகும், உப்பாக் காஞ்சு போனா இலை மேலயே கிடக்கும்.

கிளைபோசேட்ட எடுத்துக்குவோம். இது இலை வழியா உள்ள போயி, செடி தன் கிழங்குக்கும் வேருக்கும் சத்து அனுப்புற பாதையிலயே கூட இறங்கி, செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலத்த தயாரிக்க விடாம பண்ணி மெதுவா கொல்லுற மருந்து. அதனால செடி சத்து அனுப்பிட்டு இருந்தா தான் மருந்தும் போகும். இதுக்கு பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், வாய்க்கால் ஓரம் நிக்கிற கோரையையும் நாலு அடி தள்ளி காஞ்ச மண்ணுல நிக்கிற கோரையையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க. வாய்க்கால் ஓரத்துல கரும்பச்சையா, பளபளன்னு, பூ எடுத்து நிக்கும், தள்ளி இருக்குறது நுனி செம்பட்டையா இலை மடிஞ்சு தூசி படிஞ்சு கிடக்கும். ஒரே டேங்க்ல ரெண்டுக்கும் அடிச்சா முதல்ல சொன்னது ரெண்டு வாரத்துல கிழங்கோட அழுகும், ரெண்டாவது மேல மட்டும் மஞ்சளாயி மழை பெஞ்ச உடனே ஊசி ஊசியா திரும்ப வரும். தூசி வேற ஒரு பிரச்சினை, மண் துகள் பட்டாலே கிளைபோசேட் அதுல ஒட்டிக்கிட்டு செயலிழந்துரும், கலங்கல் தண்ணில கலக்கக்கூடாதுன்னு சொல்றதும் இதே காரணத்துக்கு தான்.

இந்த இடத்துல தான் கடைக்காரர் "அண்ணே வெயில் ஜாஸ்தி, இன்னும் அம்பது மில்லி சேத்து ஊத்துங்க"ன்னு சொல்லுவார். தயவுசெஞ்சு கேக்காதீங்க. உள்ள போகாத மருந்த கூட்டி ஊத்துனா உள்ள போகாத மருந்து தான் கூடும். 41 சதம் திரவத்துக்கு லிட்டருக்கு 10 மில்லின்னு சொல்றது வளர்ற செடிக்குப் போதும், அதுக்கு மேல செலவு பண்ணணும்னா அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு பண்ணுங்க, லிட்டருக்கு 20 கிராம், அதாவது 16 லிட்டர் டேங்க்குக்கு 320 கிராம், மருந்துக்கு முன்னாடி அதைத் தான் முதல்ல கரைக்கணும். கரூர், நாமக்கல், திருப்பூர் பக்கம் போர் தண்ணில இருக்குற சுண்ணாம்பும் மெக்னீசியமும் கிளைபோசேட்ட கட்டிப் போட்டுரும், அதைத் தடுக்கத் தான் அம்மோனியம் சல்ஃபேட், கோடைல தண்ணி மட்டம் இறங்க இறங்க உப்பும் ஏறும், அப்ப வெயில் மேல பழி போட்டுட்டு திரியுறோம், பாதி குத்தம் தண்ணி மேல இருக்கும். இன்னொண்ணு, 2022 அக்டோபர்ல மத்திய அரசு கிளைபோசேட்ட பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர் (மருந்தடிக்க லைசென்ஸ் வாங்குனவங்க) மூலமா மட்டும் தான் அடிக்கணும்னு உத்தரவு போட்டாச்சு, லேபிள்ல இருக்குறதும் தேயிலை, பயிர் இல்லாத நிலம் தான். அதை மனசுல வச்சுக்கிட்டு பேசுறேன்.

க்ளூஃபோசினேட் அமோனியம் வேற ஜாதி. இது செடி முழுக்க ஓடாது, பட்ட இடத்துல தான் வேலை. செடிக்குள்ள அமோனியாவ சேத்து வச்சு, வெளிச்சம் இருக்கறப்ப செல்ல உடைச்சுப் போடும். அதனால இதுக்கு வெயில் வேணும், ஆனா அதை விட காத்துல ஈரப்பதம் வேணும். நாகப்பட்டினம், கடலூர் மாதிரி கடலோரத்துல புழுக்கத்தோட காலைல அடிச்சா மூணு நாள்ல ரிசல்ட் தெரியுற அதே மருந்த, வறட்டுக் காத்து அடிக்கிற தாராபுரம் பக்கம் மதியம் அடிச்சுட்டு "டூப்ளிகேட் மருந்து குடுத்துட்டான்"னு சண்டைக்குப் போறவங்கள நான் பாத்திருக்கேன். வெயில் ரெண்டு ஊர்லயும் ஒண்ணு தான், ஈரப்பதம் தான் வேற. சாயந்தரம் பொழுது சாயுற நேரத்துல அடிச்சாலும் இது சொதப்பும், ராத்திரி பூரா வெளிச்சம் இல்லாம செடி அதுபாட்டுக்கு தாக்குப்பிடிக்கும். ஆக இதுக்கு காலை தான், வெயில் முன்னாடி இருக்கணும். கிழங்கு இருக்குற கோரைக்கு இத நம்பாதீங்க, மேல கருகும், கீழ கிழங்கு சும்மா இருக்கும்.

பாராகுவாட் பத்தி சுருக்கமா. "வெயில்ல அடிச்சா கருகும்"ங்கற நம்பிக்கையே இந்த மருந்தால வந்தது தான்னு நெனக்கிறேன், மதியம் அடிச்சா சாயங்காலத்துக்குள்ள வயல் வெந்தாப்ல ஆயிரும், பாக்க திருப்தியா இருக்கும். ஆனா அவ்வளவு வேகமா இலை செத்துட்டா மருந்து அடுத்த இலைக்குக் கூட நகர முடியாது, அருகு கணுவுலருந்து திரும்பத் துளிர்க்கும். சாயந்தரம் அடிச்சா இருட்டுல கொஞ்சம் பரவி, மறுநாள் வெயில் பட்டதும் இன்னும் நல்லா வேலை செய்யும்ங்கறது உண்மை தான். இருந்தாலும் இத நான் ஒப்பீட்டுலயே சேக்க மாட்டேன், வாய்க்குள்ள போனா மாத்து மருந்து கிடையாது, கேரளாவுல 2011லயே தடை பண்ணிட்டாங்க, வீட்டுல வச்சுக்கவே பயமான சாமான்.

அடுத்தது 2,4-டி, அகல இலைக் களையக் கொல்லுற மருந்து. பார்த்தீனியத்துக்கு இத விட மலிவா ஒண்ணு இல்ல, சோடியம் உப்பு பவுடர் லிட்டருக்கு 8 கிராம், பூ எடுக்கறதுக்கு முன்னாடி தரையோட ஒட்டி ரோஜாப்பூ மாதிரி விரிஞ்சு இருக்கறப்ப அடிக்கணும். இதுல வெப்பத்தோட விளையாட்டு வேற மாதிரி. 2,4-டி சோடியம் உப்பு, அமைன், எஸ்டர்னு சில வடிவத்துல வரும், அதுல எஸ்டர் வகை இருக்கே, அது இலை மெழுகுக்குள்ள சுலபமாப் புகும், குளிர்ல கூட வேலை செய்யும், ஆனா 30 டிகிரிக்கு மேல போனா அடிச்சு முடிச்சப்புறமும் ஆவியாக் கிளம்பி பக்கத்துக் காட்டுக்குப் போயிரும். பருத்தி, தக்காளி, திராட்சை, வெண்டை இதெல்லாம் அதுக்கு ரொம்ப சென்சிட்டிவ். பருத்தில பட்டா புதுசா வர்ற இலை விரியாம விரல் விரலா நீண்டு, நரம்பெல்லாம் நெருக்கமா ஒட்டி, வெண்டை இலையோன்னு சந்தேகம் வர்ற மாதிரி இருக்கும், அதுக்கு வைரஸ்னு நெனச்சு பூச்சி மருந்து அடிக்கிறவங்களும் உண்டு. அதனால பெரம்பலூர்ல பருத்திக்காட்டுக்குப் பக்கத்துல இருந்தாலோ கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்துல இருந்தாலோ வெயில் காலத்துல எஸ்டர தொடவே வேண்டாம், சோடியம் உப்போ அமைனோ தான், அதுவும் காத்து பாத்து. ஆனி, ஆடி வந்துட்டா பாலக்காட்டுக் கணவாய் காத்துல கோயம்புத்தூர், உடுமலை பக்கம் எந்த வகையா இருந்தாலும் துளியே பறந்து போகும், அப்ப உப்பு எஸ்டர் பேச்செல்லாம் கிடையாது.

சரி, நேரத்துக்கு வருவோம். காலை, மதியம், சாயந்தரம்னு மூணையும் வச்சுப் பாக்க, துளி எவ்வளவு வேகமா காயும்னு காட்டுற ஒரு நல்ல அளவு இருக்கு, ஆஸ்திரேலியா விவசாயிங்க டெல்டா டீன்னு சொல்றது. ரெண்டு தெர்மாமீட்டர், ஒண்ணோட குமிழ்ல ஈரத்துணி சுத்தி காத்துல காட்டணும், ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 2லருந்து 8 வரைக்கும் இருந்தா அடிக்கலாம், 10ஐத் தாண்டுனா நிப்பாட்டணும். நம்ம ஊர்க் கணக்குக்கு போட்டுப் பாத்தா, விடிகாலை 26 டிகிரி, ஈரப்பதம் 85 சதம்னா வித்தியாசம் 2 வரும், ஓகே. 30 டிகிரி, 50 சதம்னா 8க்கு கொஞ்சம் கம்மி, அது தான் எல்லை. மதியம் 38 டிகிரி, 30 சதம்னா 13ஐத் தாண்டிரும், துளி தரைக்கு வர்றதுக்குள்ளயே பாதி சுருங்கிடும். தெர்மாமீட்டர் இல்லன்னாலும் பரவால்ல, மொபைல்ல வெதர் ஆப்ல டெம்பரேச்சரும் ஹியூமிடிட்டியும் காட்டுது, அத வச்சே தெரிஞ்சுக்கலாம். சித்திரைல திருச்சி, கரூர், வேலூர் பக்கம் ஒம்பது மணிக்கு மேல இந்தக் கணக்கு கை நழுவிரும், ஆறு மணிக்கு இறங்குனா மூணு மணி நேரம் கிடைக்கும், அதுக்குள்ள முடியற அளவுக்கு மட்டும் மருந்து கலக்குங்க.

சாயந்தரத்துக்கு ஒரு நல்ல வாதம் இருக்கு, மறுக்க மாட்டேன். கிளைபோசேட் மாதிரி மருந்துக்கு ராத்திரி பூரா துளி மெதுவாக் காயும், உள்ள போக நேரம் கிடைக்கும். ஆனா மூணு இடிக்குது. ஒண்ணு, பகல் பூரா வெந்து வாடுன செடி அஞ்சு மணிக்கு இன்னும் தெளிஞ்சிருக்காது, ராத்திரி கழிஞ்சு விடியறப்ப தான் இலை நிமிர்ந்து நிக்கும். ரெண்டாவது தகரை மாதிரி செடிங்க, பொழுது சாயும்போதே எதிர் எதிர் இலைய கைகூப்புற மாதிரி மடக்கிக்கும், அகலமா விரிஞ்சிருந்தப்ப பட்ட அளவுக்கு இலைல துளி படாது, ஆறு மணிக்கு அடிச்சவருக்கு அது ஏன் சாகலன்னு கடைசி வரைக்கும் தெரியாது. மூணாவது, கோடை மழை வர்ற நேரமே சாயந்தரம் தான். கிளைபோசேட் அடிச்சு ஆறு மணி நேரமாவது மழை படாம இருக்கணும், நாலு மணிக்கு அடிச்சு ஏழு மணிக்கு இடி இடிச்சா எல்லாம் வாய்க்கால்ல. இதெல்லாம் போக, காத்தே இல்லாத தெளிஞ்ச வானத்துல பொழுது விழுந்தப்புறம் தரை குளிர்ந்து, மேல சூடான காத்து மூடி போட்டுக்கும், அந்த நேரம் சின்னத் துளி கீழயும் இறங்காம மேலயும் போகாம மிதந்துட்டே பக்கத்து வயலுக்கு நகரும். யாராவது சருகு கொளுத்துன புகை மேல ஏறாம வயல் மேல கோடு போட்ட மாதிரி படுத்துக் கிடந்தா டேங்க்க இறக்கி வச்சுருங்க. விடிகாலைலயும் இது இருக்கும், சூரியன் வந்து ஒரு மணி நேரத்துல கலைஞ்சுரும்.

மதியத்துக்கு எந்த வாதமும் இல்ல. மருந்த விடுங்க, அடிக்கிற ஆள பாருங்க, 39 டிகிரில கையுறை மாஸ்க் போட்டு யாரு நிப்பா, கழட்டி வச்சுட்டுத் தான் அடிப்பாங்க, வேர்த்து நனைஞ்ச தோல்ல மருந்து இன்னும் சுலபமா ஏறும். கூலிக்கு வர்ற ஆள உச்சி வெயில்ல மருந்தடிக்க அனுப்பாதீங்க, அவ்வளவு தான்.

இப்ப பெரிய கேள்வி, இப்பவா, மழைக்கு அப்புறமா, இல்ல உழவா. மூணையும் கோரை, அருகு நிக்கிற ஒரு தரிச வச்சு யோசிப்போம். இப்பவே அடிச்சா மேல சொன்ன மாதிரி தூங்குற செடிக்கு மருந்து, பெரும்பாலும் வேஸ்ட், தண்ணி பாயுற ஓரங்கள்ல மட்டும் அடிக்கலாம். மழைக்கு நின்னா, நல்ல ஒரு மழை விழுந்து பத்து பதினஞ்சு நாள்ல புது இலை விட்டு நிக்கும்போது காலைல அடிச்சா அதே 10 மில்லி ரெண்டு மடங்கு வேலை செய்யும், கோரை பூ எடுக்குற பருவத்துல கீழ கிழங்குக்கு சத்து அனுப்பும், மருந்தும் கூடவே இறங்கும். குறை என்னன்னா மழை எப்ப வரும்னு தெரியாது, வந்து அடிச்சப்புறம் உழவுக்கும் ரெண்டு வாரமாவது விடணும், பட்டம் தள்ளிப் போகலாம்.

மூணாவது தான் எனக்குப் பிடிச்சது. அக்னி நட்சத்திரம் மே 4லருந்து 28 வரைக்கும், அந்த வெயில எதுக்கு வீணாக்கணும்? காஞ்ச மண்ணுல சட்டிக் கலப்பைல ஆழமா ஒரு சால், பத்து நாள் கழிச்சு குறுக்க ஒரு சால், கோரைக்கிழங்கு பெரும்பாலும் மேல் அரை அடி மண்ணுல தான் இருக்கும், அது புரண்டு மேல வந்து கட்டியோட காயணும். அந்தக் கிழங்கு சூட்டுல சாகறத விட ஈரம் வத்திப் போயி தான் சாகுது, மதியம் அந்த மண்ணோட மேற்பரப்பு 50 டிகிரியத் தாண்டும், ரெண்டு மூணு வாரம் அதுல கிடந்தா சுருங்கிப் போயி முளைக்காது. அருகோட தண்டும் அப்படியே. ஆனா ரொட்டவேட்டர் போடாதீங்க, அருக துண்டு துண்டா நறுக்கி மண்ணுக்குள்ளயே கலந்து விட்டுரும், கொஞ்சம் ஈரம் இருந்தா ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. நடுவுல ஒரு மழை வந்துட்டாலும் உழவோட பலன் பாதி போயிரும்ங்கறதையும் சொல்லிடணும், டீசல் செலவும் மருந்துச் செலவுக்குக் கம்மி இல்ல. தண்ணி பாஞ்சு ஈரமா இருக்குற நிலம், கல்லு நிலம், கட்டிட ஓரம், இங்கெல்லாம் உழவு சரிப்படாது, அங்க மழைக்கு நிக்கிறது தான் வழி.

களை முளைக்காம தடுக்க விதைச்ச உடனே அடிக்கிற பெண்டிமெத்தலின் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா கோடைக் கடலைக்கு நிறையப்பேரு அடிக்கிறாங்க. இதுக்கு இலையோ வளர்ச்சியோ சம்பந்தம் இல்ல, மண்ணோட சூடும் ஈரமும் தான் எல்லாம். சுடுற காஞ்ச மண்ணு மேல மஞ்சளா அடிச்சுட்டு தண்ணி விடாம போட்டா கொஞ்சம் ஆவியா போகும், கொஞ்சம் வெயில் வெளிச்சத்துல சிதையும். ஈரத்துல அடிங்க, சாயந்தரம் அடிச்சா இதுக்கு நல்லது தான், மறுநாளே லேசா ஒரு தண்ணி காட்டுங்க. மண்ணு சூடா இருக்கறப்ப நுண்ணுயிரும் மருந்த வேகமா தின்னும், மார்கழில நாப்பது நாள் தாங்குனது சித்திரைல அதுக்கு முன்னாடியே விட்டுரும், கைக்களை ஒண்ணு கணக்குல வச்சுக்கோங்க.

மார்கழி, தைல இதே மருந்துங்க எப்படின்னா, காவிரி டெல்டால காலை 20, 22 டிகிரி, அது களைக்கொல்லிக்கு குளிரே இல்ல, பிரச்சினை பனி தான். இலை நுனில முத்து முத்தா தண்ணி நிக்கிறப்ப அடிச்சா துளி ஒண்ணோட ஒண்ணு சேந்து வழிஞ்சு ஓடிரும், எட்டரை ஒம்பது வரைக்கும் பொறுத்து பனி காஞ்சப்புறம் அடிங்க, பதினோரு மணி வரைக்கும் கூட தாராளமா நேரம் இருக்கும். நெல்லுல பிஸ்பைரிபேக் சோடியம் அடிக்கறவங்களுக்கும் அதே தான், தண்ணிய வடிச்சுட்டு களை இலை வெளிய தெரியுற மாதிரி வச்சு ஏக்கருக்கு 80லருந்து 100 மில்லி, ரெண்டு நாள்ல திரும்ப தண்ணி கட்டணும். நீலகிரில கதை வேற, டிசம்பர் ஜனவரில ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கத்துல இறங்குற இடத்துல தேயிலைத் தோட்டத்துக் களைக்கு கிளைபோசேட் அடிச்சா மஞ்சளாகறதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும், சாகலன்னு நெனச்சு திரும்ப அடிக்கிறது தான் அங்க நடக்குற பெரிய செலவு. மெதுவா சாகும், பொறுக்கணும். உறைபனில கருகுன களைக்கு மட்டும் அடிக்கவே கூடாது, இலையே இல்ல, மருந்து எங்க போகும், புதுத் துளிர் வர்ற வரைக்கும் விடுங்க.

ஆக, இந்தச் சித்திரைக்கு என் கணக்கு இது தான்: காஞ்ச தரிசுல கோரை, அருகுன்னா மே மாசம் சட்டிக் கலப்பை, மழை வந்து மிச்சம் மீதி முளைச்சு தழைஞ்சதும் ஒரு தடவை காலைல மருந்து. வெறும் பார்த்தீனியம்னா மழைக்கு அப்புறம் பூக்குறதுக்கு முன்னாடி 2,4-டி சோடியம் உப்பு, பக்கத்துல பருத்தி இருந்து காத்தும் அடிச்சா அதுவும் வேண்டாம், கையுறை மாட்டிக்கிட்டு ஈர மண்ணுல வேரோட பிடுங்கிருங்க. வாய்க்கால் ஓரம், பச்சையா நிக்கிற இடம், இதுக்கு மட்டும் இப்பவே விடிகாலைல ஒரு டேங்க்.